திடீரென மக்கள் வந்திறங்கினால்: தற்காலிகத் தங்குமிடத்தை ஒழுங்குசெய்வது எப்படி?



ஒக்டோபர் மாதம் வந்தால் புத்தளத்தில் வாழும் நம் எல்லோருக்கும் 1990ஆம் ஆண்டு நினைவுக்கு வரும். அந்த மாதத்தின் கடைசி நாட்களில் வடமாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களின் தொகை சுமார் 75 ஆயிரம் எனக் கணக்கிடப்படுகிறது. யாழ்ப்பாண நகரத்தவருக்கு ஒக்டோபர் 30ஆம் திகதி கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். மன்னார்த் தீவினர் வள்ளங்களில் கற்பிட்டிக் கரைக்கு வந்தார்கள். முசலிப் பக்கத்தவர்கள் காட்டுவழியே இலவங்குளம் வந்து சேர்ந்தார்கள். யாழ்ப்பாணத்தவர்கள் வவுனியா வழியாக வந்தார்கள். மழைக்காலம் தொடங்கும் நேரம் அது.

இந்த வரலாற்றை நாம் பலமுறை எழுதியிருக்கிறோம். இந்த இதழில் வேறொரு விடயத்தை விளக்க விரும்புகிறோம். ஓர் ஊருக்கு ஒரே வாரத்தில் பல்லாயிரம் பேர் வந்தால் அவர்களை எங்கே, எப்படித் தங்கவைப்பது? அன்று நாம் எதைச் சரியாகச் செய்தோம், எதைத் தவறவிட்டோம்? இதைப் பேச இப்போது ஒரு காரணமும் இருக்கிறது. அதை முடிவில் சொல்கிறோம்.

'அகதி' என்ற சொல்

முதலில் ஒரு சொல் விளக்கம். சர்வதேசச் சட்டப்படி அகதி என்பவர் அச்சுறுத்தலுக்கு அஞ்சித் தன் நாட்டின் எல்லையைத் தாண்டியவர். அவருக்கு 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை பாதுகாப்பளிக்கிறது. நாட்டுக்குள்ளேயே வீடிழந்து வேறிடம் சென்றவர் உள்நாட்டில் இடம்பெயர்ந்தவர். அவர்களுக்கான ஐக்கிய நாடுகளின் வழிகாட்டல் கோட்பாடுகள் 1998இல்தான் வெளிவந்தன. அதாவது வடபுல மக்கள் இங்கு வந்தபோது அவர்களின் உரிமை என்ன என்று சொல்லும் ஒரு தாள்கூட உலகத்தின் கையில் இருக்கவில்லை.

நாமோ எல்லோரையும் 'அகதி' என்றே அழைத்தோம். வந்த புதிதில் அது இரக்கத்தில் சொன்ன சொல். பத்து வருடம் கழித்தும் அதையே சொன்னோம். இங்கே பிறந்த பிள்ளையையும் பாடசாலையில் 'அகதிப் பிள்ளை' என்றார்கள். கலியாணப் பேச்சிலும் அந்தச் சொல் வந்தது. தங்குமிடம் தற்காலிகமாக இருக்கலாம். பெயர் நிரந்தரமாகிவிடக் கூடாது.

மூன்று நாள், மூன்று மாதம், மூன்று வருடம்

விருந்தாளிக்கான உரிமை மூன்று நாள், அதற்கு மேல் செய்வது ஸதகா என்று நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் கற்றுத் தந்ததை நாம் அறிவோம். தங்குமிடம் ஒழுங்குசெய்வோருக்கு இதில் பெரிய பாடம் இருக்கிறது. முதல் மூன்று நாள் விருந்தோம்பல். அதன் பின் வருவது வேறு வகையான வேலை. 1990இல் முதல் மூன்று நாளை இந்த ஊர் மிக அழகாகச் செய்தது. பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் திறந்தன. வீடுகளின் விறாந்தைகளும் தென்னந்தோட்டங்களும் திறந்தன. எவரும் எவருக்கும் கட்டளையிடவில்லை. வீட்டுக்கு வீடு சோறு ஆக்கி சஹனில் கொண்டுவந்து வைத்தார்கள். அல்லாஹ் அவர்கள் எல்லோரையும் பொருந்திக்கொள்வானாக.

ஆனால் நான்காம் நாள் என்ன செய்வது என்று எவரும் யோசித்திருக்கவில்லை. "ரெண்டு கிழமையில திரும்பிப் போயிருவாங்க" என்றுதான் வந்தவர்களும் நாமும் பேசிக்கொண்டோம். கிடுகால் வேய்ந்த கொட்டில்கள் அந்த நம்பிக்கையில்தான் எழுந்தன. கிடுகு ஓரிரு மழைக்காலம் தாங்கும். அந்த மக்கள் இருபது வருடத்துக்கும் மேல் அதை மாற்றி மாற்றி வேய்ந்தார்கள். புத்தளம், கற்பிட்டி, முந்தல், வண்ணாத்திவில்லு ஆகிய நான்கு பிரதேசங்களிலும் முகாம்கள் பரந்திருந்தன. நிரந்தர வீடுகளுக்கென உலக வங்கி 32 மில்லியன் டொலர் கடனுதவியை அங்கீகரித்தது 2007இல். முதல் கொட்டிலுக்கும் அதற்கும் இடையே 16 வருடம்.

இதற்கு நேர்மாறான உதாரணமும் உண்டு. 2006 ஓகஸ்டில் மூதூரில் சண்டை மூண்டபோது பல்லாயிரம் பேர் கந்தளாய்க்கு ஓடினார்கள். அவர்கள் அடுத்த மாதமே திரும்பிச் செல்லத் தொடங்கினார்கள். முதல் நாளில் நிற்பவருக்கு இது மூதூரா, யாழ்ப்பாணமா என்று தெரியாது. எனவே இரண்டுக்கும் பொருந்தும்படி திட்டமிட வேண்டும். மூன்று நாளுக்குக் கூரை, மூன்று மாதத்துக்குக் குடும்பத்துக்கொரு தனியிடம், மூன்று வருடமானால் நிலமும் தொழிலும் பாடசாலையும் என்று மூன்று கட்டமாக எண்ணிக்கொள்வது எமது அனுபவத்தில் நல்லது.

இடத்தின் கணக்கு

ஒரு மண்டபத்தைப் பார்த்தவுடன் "இருநூறு பேர் படுக்கலாம்" என்று சொல்லிவிடுகிறோம். ஒரு கந்தூரிச் சாப்பாட்டுக்கு இருநூறு பேர் உட்காரலாம். வாழ முடியாது. ஸ்பியர் எனப்படும் சர்வதேச மனிதாபிமான நியமங்கள் ஒருவருக்குக் குறைந்தது 3.5 சதுர மீற்றர் கூரையுள்ள இடம் வேண்டும் என்கின்றன. அது ஏறத்தாழ 38 சதுர அடி. 60 அடி நீளமும் 30 அடி அகலமும் உள்ள மண்டபத்தில் அதன்படி 47 பேர்தான் தங்கலாம். முதல் இரண்டு இரவு நெருக்கிப் படுக்கலாம், பரவாயில்லை. நெருக்கம் நீடித்தால் சிரங்கும் சளிக்காய்ச்சலும் வரும், சண்டையும் வரும்.

குடும்பத்துக்குக் குடும்பம் மறைப்பு முதல் இரவிலேயே வேண்டும். கயிறும் சேலையும் போதும். ஒரு பெண் தன் முந்தானையைத் தளர்த்தி மூச்சுவிட நான்கு பக்கமும் மறைந்த ஓர் இடம் அவளுக்குத் தேவை. பாலூட்டும் தாய்க்கும் இத்தா இருக்கும் பெண்ணுக்கும் இது இன்னும் அவசியம்.

பள்ளிவாசலைப் பயன்படுத்துவதில் ஒரு மார்க்க விடயத்தையும் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். மாதவிடாய்க் காலத்தில் பெண்கள் தொழுமிடத்தில் தங்குவது நமது மத்ஹபில் ஆகாது. நிர்ப்பந்த நிலையில் என்ன செய்யலாம் என்பதை உலமாக்கள் சொல்வார்கள். ஆனால் அந்தக் கேள்வியை நடுநிசியில் களைத்து வந்த ஒரு பெண்ணின் முன் வைத்துக் கேட்பது அவரை அவமதிப்பதாகும். குடும்பங்களுக்கு மத்ரஸா மண்டபமும் பாடசாலையும், தனியாக வந்த ஆண்களுக்குப் பள்ளிவாசல் என்று முதலிலேயே பிரித்து வைத்தால் அந்தக் கேள்வியே எழாது.

தண்ணீரும் மலசலகூடமும்

எமது அனுபவத்தில் தங்குமிடங்கள் கூரை இல்லாமல் தோற்பதைவிடத் தண்ணீரும் மலசலகூடமும் இல்லாமல் தோற்பதே அதிகம். ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குடிக்க, சமைக்க, கழுவக் குறைந்தது 15 லீற்றர் தண்ணீர் வேண்டும். நூறு பேருக்கு 1,500 லீற்றர். வுழூவுக்கும் குளிப்புக்கும் சேர்த்து நாம் அதைவிடக் கூடுதலாகவே கணக்கிட வேண்டும். ஆயிரம் லீற்றர் தாங்கி ஒன்றுடன் நூறு பேரை ஏற்றுக்கொள்வது அவர்களை வரிசையில் நிற்க அழைப்பதாகும்.

இருபது பேருக்கு ஒரு மலசலகூடம் என்பது நியமம். அவசர நிலையின் தொடக்கத்தில் ஐம்பது பேருக்கு ஒன்று என்று சமாளிக்கலாம். ஆண்களுக்கு ஒன்று என்றால் பெண்களுக்கு மூன்று இருக்க வேண்டும். தங்குமிடத்திலிருந்து 50 மீற்றருக்குள் இருக்க வேண்டும். உள்ளே தாழ்ப்பாளும் வழியில் வெளிச்சமும் இருக்க வேண்டும். 1990இல் இவை இருக்கவில்லை. பெண்கள் இருட்டும்வரை காத்திருந்தார்கள். காத்திருப்பதற்காகவே பகலில் தண்ணீர் குடிக்காமல் இருந்தார்கள். இதை அன்று எவரும் எம்மிடம் சொல்லவில்லை. தங்குமிடக் குழுவில் ஒரு பெண்ணும் இல்லாதபோது யார் சொல்வார்கள்?

நமது பகுதிக்கென்று இன்னொரு எச்சரிக்கை உண்டு. குழி மலசலகூடம் கிணற்றிலிருந்து குறைந்தது 30 மீற்றர் தள்ளியிருக்க வேண்டும். குழியின் அடி நிலத்தடி நீர்மட்டத்துக்கு 1.5 மீற்றர் மேலே இருக்க வேண்டும். கற்பிட்டிப் பக்கத்து மணல் தரையில் நீர்மட்டம் மேலேயே கிடக்கிறது. குழியில் விடுவது கிணற்றுக்குப் போக நாளாகாது. அங்கே குழி தோண்டுவதற்கு முன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேட்காமல் மண்வெட்டியைத் தொடக் கூடாது.

சோறும் அடுப்பும்

பொதுச் சமையல் முதல் சில நாட்களுக்கு அவசியம். வந்தவரிடம் பானையும் இல்லை, அடுப்பு மூட்டும் மனநிலையும் இல்லை. ஆனால் அதை நீட்டக் கூடாது. ஒரு தாய் தன் பிள்ளைக்குத் தன் கையால் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கும் நாளில்தான் அந்தக் குடும்பம் மீண்டும் குடும்பமாகிறது. எனவே இரண்டாம் வாரத்துக்குள் உலர் உணவும் அடுப்பும் பாத்திரமும் கொடுத்துவிட வேண்டும்.

பழைய உடுப்புகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூட்டை மூட்டையாக வரும் உடுப்புகளில் அரைவாசி அணிய முடியாதவை. அவற்றைப் பிரித்து அடுக்க ஆட்கள் போதாமல் போகும். நீங்கள் அணிந்துகொண்டு ஜும்ஆவுக்கு வருவீர்களா என்று உங்களையே கேட்டுவிட்டு அனுப்புங்கள். இயன்றால் புதிய சாரம், அபாயா, உள்ளாடை, சோப்பு கொடுங்கள். பணமாகத் தந்தால் தேவையை அறிந்து வாங்குவோம்.

மதீனாவுக்கு வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் ரழியல்லாஹு அன்ஹு அவர்களுக்கு ஸஅத் இப்னு ரபீஉ அவர்கள் தன் சொத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். அவர்களோ சந்தை எங்கே என்று கேட்டுப் போய் வியாபாரம் செய்தார்கள். வீடற்ற ஏழைத் தோழர்களுக்கோ பள்ளிவாசலின் திண்ணையே தங்குமிடமாக இருந்தது. மதீனாவில் கொடுப்பவரும் இருந்தார், சந்தையைத் தேடுபவரும் இருந்தார், திண்ணையும் இருந்தது. மூன்றுக்கும் இடமிருக்க வேண்டும்.

ஊராரின் குறை

இதை மறைத்துப் பேசினால் கட்டுரை முழுமையாகாது. முதல் வருடத்தின் அன்பு பிறகு ஏன் குறைந்தது? ஊரார் மனம் மாறிவிட்டார்கள் என்று சொல்வது எளிது. பாடசாலை அறைகள் மாதக்கணக்கில் தங்குமிடமாக இருந்தபோது உள்ளூர்ப் பிள்ளைகளின் படிப்பு நின்றது. கைவசம் எதுவும் இல்லாதவர்கள் குறைந்த கூலிக்கு வெங்காயத் தோட்டத்துக்குப் போனபோது உள்ளூர்க் கூலியாளின் நாட்கூலியும் இறங்கியது. பக்கத்துக் கொட்டிலுக்குக் கூப்பன் வந்தது, அதே அளவு ஏழையான உள்ளூர் விதவைக்கு வரவில்லை. ஆஸ்பத்திரி வரிசை நீண்டது. இவை கெட்ட மனத்தின் முறைப்பாடுகள் அல்ல. ஒழுங்குசெய்தவர்கள் கவனிக்காமல் விட்டவை.

வந்தவர்கள் கொண்டுவந்ததையும் சொல்ல வேண்டும். ஆசிரியர்களும் வியாபாரிகளும் தையல்காரர்களும் நல்ல விவசாயிகளும் அவர்களில் இருந்தார்கள். இன்று நமது கடைத்தெருவையும் பாடசாலைகளையும் அவர்கள் இல்லாமல் நினைக்க முடியாது.

இன்னொன்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். வெளியேற்றியது ஆயுதம் ஏந்திய இயக்கம். வடக்கின் தமிழ் அயலவர்கள் பலர் அழுதபடி வழியனுப்பினார்கள் என்று வந்தவர்களே சொன்னார்கள். நாளை நமது வாசலுக்கு வருபவர் எந்த இனத்தவராகவும் இருக்கலாம். ஸகாத்துக்கு அதன் சட்டம் உண்டு. அதன் கணக்கு தனியாக இருக்கட்டும். கூரையும் சோறும் ஸதகாவிலிருந்து எல்லோருக்கும் பொது.

எனவே எமது யோசனை இது. பாடசாலையை எடுத்தால் 14 நாளில் திருப்பிக் கொடுப்பதற்குத் திகதி குறித்தே எடுக்க வேண்டும். உதவி வரும்போது பத்தில் ஒரு பங்காவது உள்ளூர் ஏழைக்கு என்று முதலிலேயே அறிவிக்க வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை வந்தவர்களும் ஊராரும் ஒன்றாக உட்கார்ந்து குறை பேச வேண்டும். பிள்ளைகளை "நாங்கள் வளர்க்கிறோம்" என்று எவரும் பதிவில்லாமல் அழைத்துச் செல்ல அனுமதிக்கக் கூடாது. நல்ல எண்ணத்தில் கேட்பவருக்கும் இதே சட்டம்தான்.

பதிவேடு

எல்லாவற்றிலும் மலிவானது பதிவேடு. ஒரு கொப்பியும் பேனையும் போதும். அதைத்தான் நாம் அன்று சரியாகச் செய்யவில்லை.

அன்று வாலிபர்களாக இருந்த நாம் ஒரு பாடசாலையில் கொப்பியுடன் உட்கார்ந்து குடும்பத் தலைவரின் பெயரும் ஆட்களின் எண்ணிக்கையும் மட்டும் எழுதினோம். சோற்றுக்கு எண்ணிக்கை தேவைப்பட்டது, அவ்வளவுதான். வயதான ஓர் உம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "மகன், பேர எழுதுறீங்க, ஊர எழுதல்லயே. எங்கட ஊரையும் எழுதுங்க மகன்" என்றார். வரிசை நீளமாக இருந்தது. "பிறகு எழுதுவோம் உம்மா" என்றோம். எழுதவில்லை.

அந்த வரியின் பெறுமதி பல வருடம் கழித்துத்தான் புரிந்தது. வெளியேறியவர்களில் பலரின் உறுதிகளும் அத்தாட்சிகளும் வழியிலேயே பறிபோயிருந்தன. தன் ஊர் எது, எப்போது வந்தார், யாருடன் வந்தார் என்பதை நிரூபிக்க அவர்கள் அலுவலகம் அலுவலகமாக அலைந்தார்கள். நமது நாட்டின் ஆட்சியுரிமைச் சட்டப்படி ஒருவர் பத்து வருடம் தடையின்றி ஒரு காணியை ஆண்டால் அதற்கு உரிமை கோரலாம். யுத்தத்தால் தம் காணிக்குப் போக முடியாதவர்களுக்கு அந்தப் பத்து வருடத்தை விலக்கும் விசேட சட்டம் 2016இல்தான் வந்தது. முதல் வாரத்தில் எழுதிய, கிராம சேவகரும் ஒப்பமிட்ட ஒரு பதிவேடு இருந்திருந்தால் எத்தனை பேருக்கு உதவியிருக்கும்!

எனவே பதிவேட்டில் குடும்பத்தில் ஒவ்வொருவரின் பெயர், வயது, அடையாள அட்டை இலக்கம், சொந்த ஊரும் கிராம சேவகர் பிரிவும், புறப்பட்ட நாள், வந்த நாள், பிள்ளைகளின் வகுப்பு, தொழில், கர்ப்பிணியா, நோயாளியா, எந்த மருந்து என்பன இருக்க வேண்டும். வழியில் பிரிந்தவர்களின் பெயரும் வேண்டும். ஒரு பிரதி குடும்பத்திடம், ஒன்று பிரதேச செயலகத்தில், ஒன்று நம்மிடம். இது அமானிதம். பார்க்க வேண்டியவரைத் தவிர வேறெவருக்கும் காட்டக் கூடாது.

இப்போது செய்ய வேண்டியது

இனி அந்தக் காரணம். நமது அறக்கட்டளை மண்டபத்துக்கு மேல்மாடி கட்டவென நீங்கள் தந்த பணம் வங்கியில் இருக்கிறது. அதைக்கொண்டு முதலில் மண்டபத்தின் பின்னால் பெண்களுக்கு மூன்றும் ஆண்களுக்கு ஒன்றுமாக மலசலகூடங்களும், தண்ணீர்த் தாங்கிகளும், ஒரு சமையல் கொட்டகையும் அமைக்கலாமா என்று நிர்வாக சபையில் கேள்வி எழுந்திருக்கிறது. வெள்ளம் வந்தாலும் இவை உதவும். யுத்தம் வந்தால் மட்டும்தான் என்றில்லை.

சபைக்குள் இரண்டு கருத்து இருக்கிறது. மேல்மாடி வந்தால் மத்ரஸாவுக்கு இடம் கிடைக்கும் என்பதும் நியாயமான கருத்தே. எப்படியிருந்தாலும் ஒரு நோக்கத்துக்குத் தந்த பணத்தைத் தந்தவரின் சம்மதமின்றி வேறு நோக்கத்துக்கு மாற்ற நமக்கு உரிமை இல்லை. ஆகவே நன்கொடை தந்த ஒவ்வொருவரும் அடுத்த ஜும்ஆவுக்குப் பின் நடக்கும் கூட்டத்துக்கு வந்து தம் விருப்பத்தைச் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறோம். வர முடியாத பெண்களும் முதியோரும் எழுத்தில் தரலாம். சம்மதிக்காதவரின் பங்கு மேல்மாடிக்கே இருக்கும்.

கூட்டத்தில் ஒரு படிவமும் தரப்படும். வீட்டில் ஒதுக்கக்கூடிய அறை, கிணறு, லொறி, பெரிய சட்டி பானை, தாதியர் அல்லது ஆசிரியர் அனுபவம் இவற்றில் எது உங்களிடம் இருக்கிறது என்று குறித்துக் கொடுங்கள். தங்குமிடக் குழுவின் ஏழு பேரில் மூவராவது பெண்களாக இருக்க வேண்டும் என்று தீர்மானித்திருக்கிறோம். பெயர் தர விரும்பும் சகோதரிகள் மகளிர் பிரிவில் தெரிவிக்கலாம்.

பதிவேட்டின் மாதிரிப் பக்கம் ஒன்றையும் அச்சிட்டு வைத்திருக்கிறோம். அதில் பெயருக்கு அடுத்த கட்டம் ஊர்.

அல்லாஹ் எவரையும் தம் வீட்டை விட்டு வெளியேறும் நிலைக்கு ஆளாக்காமல் காப்பானாக. அப்படியொரு சோதனை வந்தால் வருபவரை ஏற்கும் வாசலாக நமது வாசலை ஆக்குவானாக. ஆமீன்.

செயலாளர்,
நிர்வாக சபை சார்பாக